கூட்டம் சாரின் ஆட்சேபணை

நாலு பேர் சேர்ந்து நிற்கிற இடத்தைக் கண்டால் சிலர் ஒதுங்கிப் போவார்கள். சிலர் எட்டிப் பார்ப்பார்கள். "யார் தலைமை?" என்று கேட்டு நாற்காலி கொண்டுவரச் சொல்கிற மனிதர் இந்தப் பூலோகத்திலேயே ஒருவர்தான். அவர் ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் இருந்தார். அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. லெட்டர் பாக்ஸில் அதைப் பெரிதாக எழுதியும் வைத்திருந்தார். ஆனால் கூரியர்காரர்கூட வாசலில் நின்று "கூட்டம் சார் வீடு எதுங்க?" என்றுதான் கேட்பார்.

நாங்கள் அங்கே முதல் மாடிக்கு வாடகைக்கு வந்த அன்றைக்கே அவரிடம் மாட்டிக்கொண்டோம். சாமான் லாரி வாசலில் நிற்கிறது. என் மனைவி விஜிக்குக் கல்யாணத்தின்போது அவள் வீட்டில் கொடுத்த இரும்பு பீரோ, லாரி நடுவே அசையாமல் நிற்கிறது. "லிஃப்ட்ல ஏத்தக் கூடாது" என்கிறார் அசோசியேஷன் செகரட்டரி சம்பத். "படியில தூக்க முடியாதுங்க" என்கிறார் லோடுமேன்களில் மூத்தவர். நான் இரண்டு பேரையும் பார்த்து மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருக்கிறேன். குரல்கள் உயர்ந்துகொண்டே போகின்றன.

அப்போதுதான் கையில் முருங்கைக்கீரைக் கட்டோடு ஒருவர் வந்தார். மெலிந்த உடம்பு, மேல் பட்டன் வரை போட்ட அரைக்கைச் சட்டை.

"இங்க யார் தலைமை?" என்றார்.

யாருக்கும் புரியவில்லை. அவர் லாரியிலிருந்து எங்கள் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எங்களைக் கேட்காமலே இறக்கினார். தூசி தட்டினார். மூத்த லோடுமேனைப் பார்த்து, "உக்காருங்க. பேசப்போறது உங்க முதுகைப் பத்தி. அப்ப நீங்கதான் தலைவர்" என்றார்.

"நானா? சும்மா இருங்க சாமி!"

"உக்காருங்கன்னா உக்காருங்க. சம்பத் சார், இப்ப சொல்லுங்க உங்க கட்சிய. தலைவர் அவர்களேன்னு ஆரம்பிக்கணும்."

சம்பத் கோயில் கைங்கர்யக் குடும்பத்துக்காரர். பளிச்சென்று திருமண் இட்டுக்கொண்டு, எட்டு முழ வேட்டியில் கம்பீரமாக நிற்பவர். அவர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "தலைவர் அவர்களே... இந்த லிஃப்ட் போன மாசம்தான் ரிப்பேர் பண்ணது. பாரம் தாங்காது. மறுபடி நின்னுடுத்துன்னா மேல இருக்கிற வயசானவா எல்லாம் எப்படி இறங்குவா?" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையில் கட்டியிருந்த துண்டை மெதுவாக அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். முகமே மாறிவிட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்: "அவரு சொல்றதும் நாயம்தான். லிஃப்ட் வேணாம். படியிலயே தூக்கிடறோம். ஆனா கீழேர்ந்து மெம்பருங்களும் ஒரு கை குடுக்கணும்."

சம்பத் எட்டு முழத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பீரோவுக்கு முட்டுக் கொடுத்த காட்சியை அன்று தெருவே நின்று பார்த்தது. முருங்கைக்கீரைக்காரர் மட்டும் தூக்கவில்லை. தீர்மானம் நிறைவேறுகிறதா என்று படியின் ஓரமாக நின்று கண்காணித்தார்.

கூட்டுறவுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். லால்குடியிலிருந்து வையம்பட்டி வரை, பால் சங்கம், கடன் சங்கம் என்று ஊர் ஊராகப் போய்ப் பொதுக்குழு நடத்துவதே அவருக்கு உத்தியோகம். சங்கங்கள் அவரை விட்டுவிட்டன. அவர் கூட்டங்களை விடவில்லை, அவ்வளவுதான். யாரைப் பற்றிப் பேச்சோ அவரையே தலைவராக உட்கார வைக்கிற இந்த வழக்கத்தை எங்கே பிடித்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"பால் சங்கத்துல சார். ஒரு அம்மா பால்ல தண்ணி ஊத்தறாங்கன்னு ஊரே கத்துது. ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கல. எனக்கு ஒண்ணும் ஓடல. அந்த அம்மாவையே நாற்காலில உக்கார வெச்சுட்டேன். தலைவர் அவர்களேன்னு சொல்லிட்டுத்தான் பேசணும்னேன். மரியாதை முதல்ல வந்துடுச்சுன்னா அப்புறம் திட்டு வெளில வர்றது கஷ்டம் சார்."

"கடைசில அந்த அம்மா தண்ணி ஊத்தினாங்களா, இல்லையா?"

"ஊத்தினாங்க. தலைமையுரைல அவங்களே ஒத்துக்கிட்டாங்க."

வீட்டிலும் இதே ராஜ்ஜியம்தான். இட்லியா தோசையா என்பதற்கே தீர்மானம் வேண்டும். இருக்கிறது இரண்டே பேர். அவர் மனைவி பத்மா அம்மா என் மனைவியிடம் சொன்னது: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எங்க வீட்ல நான்தாம்மா தலைவர். முன்மொழியறது அவரு, வழிமொழியறதும் அவரு. மாவு மட்டும் தலைவர் அரைக்கணும்."

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, கார்கள் நிற்கிற கீழ்த்தளத்தில் அசோசியேஷன் கூட்டம். செகரட்டரி சம்பத்தாக இருந்தாலும் அதை நடத்துவது இவர்தான். முதல் முறை நான் போனபோது வந்திருந்தது அவரும் நானும் மட்டும். அவருக்குக் கவலையே இல்லை. "போதிய உறுப்பினர் வராததால் கோரம் இல்லை. கூட்டம் அரை மணி நேரம் ஒத்திவைக்கப்படுகிறது" என்று ஒரு ஸ்கூட்டரைப் பார்த்து அறிவித்தார். மாடிக்கு அழைத்துப் போய்க் காப்பி கொடுத்தார். அரை மணி கழித்துக் கீழே வந்தோம். அப்போதும் நாங்கள் இரண்டே பேர்தான். "ஒத்திவெச்ச கூட்டத்துக்கு வந்தவங்களே கோரம். இப்பத் தீர்மானம் போடலாம்" என்றார். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வேண்டும் என்று அவர் முன்மொழிய, நான் வழிமொழிந்தேன். அடுத்த வாரம் தொட்டியைக் கழுவியும் ஆயிற்று. சம்பத் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எந்தக் கூட்டமானாலும், மோட்டார் எரிந்து குழாயில் தண்ணீர் வராத நாளானாலும், அவர் முதலில் எழுந்து நின்று ஒரு கேள்வி கேட்பார். "கூட்டம்னா என்ன?" அதற்குப் பதிலையும் அவரே சொல்வார். கால் மணி நேரத்துக்குக் குறையாது.

"கூடு. அதுதான் வேர். கூடறதாலதான் கூட்டம். அவரை, பூசணி, பருப்புன்னு எல்லாம் ஒண்ணா வேகுது பாருங்க, அது கூட்டு. எண்களை ஒண்ணாச் சேர்த்தா, கூட்டல். காலைல வாசல்ல என்ன பண்றோம்? கூட்டறோம். சிதறிக் கிடக்கிறதை ஒரு இடத்துக்குக் கொண்டு வர்றதால அதுவும் கூட்டறதுதான். குருவிக்கூடும் இந்த வேர்தானான்னு படிச்சவங்க இன்னும் முடிவு சொல்லல. நான் ஆமாங்கறேன்."

"அப்ப சபைங்கறது?" என்று சம்பத் வேண்டுமென்றே குறுக்கே நுழைவார். "அது சம்ஸ்க்ருதம். அதுலேர்ந்துதான் உங்க அவை வந்தது ஸார்."

"வந்திருக்கலாம். வந்தவங்களுக்கு நாற்காலி போடறதுதான் நம்ம வழக்கம். அதுக்குத் தனியா ஒரு கூட்டம் போட்டுப் பேசுவோம்." பிறகு மன்றத்துக்குப் போவார். "மன்றுன்னா ஊர் நடுவுல இருக்கிற பொது இடம். நம்ம கார் பார்க்கிங் மாதிரி." கழகம் என்பது ஒரு காலத்தில் சூதாடுகிற இடத்துக்கும் பெயராக இருந்தது என்று சொல்லி, உடனே குரலைத் தாழ்த்தி, "அரசியல் வேண்டாம்" என்பார். நாடு என்றாலே பல ஊர்க்காரர்கள் கூடுகிற சபைக்கும் பெயர், அதோடு 'மா' சேர்ந்தால் மாநாடு என்று அவர் கையை விரிக்கும்போது, மூன்றாம் மாடி ஸ்டெல்லா டீச்சர் பொறுமை இழந்துவிடுவார்.

"சார், எங்க சர்ச்சுலகூடப் பிரசங்கம் பத்து நிமிஷம்தான். குளிக்காம வந்து உக்காந்திருக்கோம். மோட்டாருக்கு வாங்க."

"வரேன் டீச்சர். மீட்டிங்குன்னா என்ன, கூட்டம்னா என்ன, அதை மட்டும் சொல்லிடறேன். மீட்டிங்குன்னா சந்திக்கிறது. காவிரிப் பாலத்துல எதிரெதிரா ரெண்டு ஒண்ணாம் நம்பர் டவுன் பஸ் சந்திக்குது. அது மீட்டிங். கூடறது வேற."

எனக்குக் கோபம் கோபமாக வரும். வாரப் பத்திரிகையில் பத்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். நான் எழுதுவது முழுப் பக்கத்தையே ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். இந்த மனிதர் ஒரு சொல்லுக்குக் கால் மணி எடுத்துக்கொள்கிறாரே என்று நெளிவேன். வைகுண்ட ஏகாதசிக்கு ஊரே கோயிலை நோக்கித் திரண்டபோது மொட்டை மாடியிலிருந்து அதைப் பார்த்து, "என்ன கூட்டம் சார்!" என்று தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டேன். "அது நெரிசல். பக்கத்துல நிக்கறவர் பேரு தெரியுமா அவங்களுக்கு?" என்று ஆரம்பித்துவிட்டார். நான் துணி உலர்ந்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தேன்.

இப்போது விஜியின் அடுப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். துவாக்குடிப் பக்கம் நான் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். பத்திரிகையில் எழுதி வருகிறதை வைத்துப் பத்திரிகை வாங்கலாம், பால் வாங்க முடியாது. விஜிதான் துணிந்து மதியச் சாப்பாடு செய்து கொடுக்க ஆரம்பித்தாள். தென்னூரில் ஆபீஸ்காரர்கள், ஆஸ்பத்திரியில் நோயாளிக்குத் துணையாக உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று வாடிக்கை சேர்ந்தது. வத்தக்குழம்பு, ஒரு கூட்டு, ரசம், மோர். வீட்டு வாடகை, மகளின் படிப்பு எல்லாம் அந்த ஒரு அடுப்பை நம்பித்தான் இருந்தன.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாட்ஸ்அப் குழுவில் சம்பத்தின் செய்தி வந்தது. முதல் மாடியில் நடக்கும் சமையல் தொழிலை இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும், சம்மதம் உள்ளவர்கள் கட்டைவிரல் போடவும். அவ்வளவுதான். நான் காப்பியை ஆற்றுவதற்குள் மழைக்குப் பிறகு காளான் முளைப்பது போலக் கட்டைவிரல்கள் முளைத்துவிட்டன. ஸ்டெல்லா டீச்சரின் விரலும் அதில் இருந்தது. விஜி ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்றாள்.

"இவங்க எல்லார் வீட்டுக்கும் போன தீபாவளிக்கு நான் லேகியம் குடுத்தேங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுப்பு நின்றால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு எழுத்தாளன் இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வானோ அதைச் செய்தேன். குழுவுக்கு ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன். பரம்பரை பரம்பரையாகப் படித்து அழும்படி ஒரு பதில். மூன்றாவது பத்தியில் சம்பத்தின் திருமண் வரை வந்துவிட்டேன். வாசல் மணி அடித்தது.

கூட்டம் சார் நின்றுகொண்டிருந்தார். "பதில் போட்டுட்டீங்களா?"

"எழுதிட்டே இருக்கேன் சார்."

"அழிங்க."

"என்ன சார், அவங்க முடிவே பண்ணிட்டாங்க!"

"யாரு? கட்டைவிரல்தான் வந்திருக்கு. ஆளு வரலையே. ஆளு கூடாம எப்படி சார் அது முடிவாகும்?" என்றார். "முதல்ல அழிங்க. நான் பாத்துட்டுப் போறேன்."

அழித்தேன். அழிக்கும்வரை அவர் நகரவில்லை. பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு சம்பத் வீட்டுக்குப் போனார்.

"காலம் மாறிடுத்து ஸார்" என்றார் சம்பத். "எல்லாரும் வந்து உக்காந்து, நீங்க வேரு, கிளைன்னு ஆரம்பிச்சு... யாருக்கு நேரம் இருக்கு? போன்ல பதில் போட்டா கூடின மாதிரிதான்."

"கூடின மாதிரி, சரி. கூடினாங்களா?"

சம்பத் வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டார்.

"வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டம். அன்னிக்கு அவங்க வாயால நிறுத்துன்னு சொன்னா, அடுப்ப அணைக்கச் சொல்லி நானே விஜி அம்மாகிட்டச் சொல்றேன்" என்று எங்கள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு அவர் மாடி ஏறிவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சமையல் நடந்தது, பேச்சு நடக்கவில்லை. லிஃப்டில் எதிர்ப்பட்டவர்கள் போனைப் பார்த்தார்கள், அல்லது லிஃப்டில் எழுதி ஒட்டியிருந்ததைப் புதிதாகப் படிப்பது போலப் படித்தார்கள்.

ஞாயிறன்று ஒத்திவைக்க அவசியம் இல்லாமல் கோரம் சேர்ந்துவிட்டது. பிறத்தியார் குடி கெடுகிற விஷயம் என்றால் எல்லாருக்கும் நேரம் இருக்கிறது என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன். கூட்டம் சார் எழுந்தார். "கூட்டம்னா என்ன?" என்றார். அன்றைக்கும் விடவில்லை! கூட்டு, கூட்டல், துடைப்பம் என்று அவர் போய்க்கொண்டே இருந்தார். என் வாழ்நாளில் முதல் முறையாக, இந்தப் பேச்சு முடியாமலே இருந்துவிடாதா என்று எனக்குத் தோன்றியது.

முடித்துவிட்டு, நடுவில் இருந்த நாற்காலியைத் துண்டால் துடைத்தார். "இன்னிக்குத் தலைமை, முதல் மாடி விஜி அம்மா."

"அதெப்படி ஸார்?" என்று சம்பத் துள்ளி எழுந்தார். "கம்ப்ளெயிண்ட்டே அவா மேலதானே!"

"அதனாலதான்."

"பீரோ வந்தப்ப லோடுமேன் தலைவரா இருந்தாரே. அப்ப நீங்க கீழேர்ந்து முட்டுக் குடுத்தீங்களே சார்" என்றார் ஸ்டெல்லா டீச்சர். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சம்பத் உட்கார்ந்தார்.

விஜி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நடுவில் போய் உட்கார்ந்தாள். ஈரம் எதுவும் இல்லாத கையை அவள் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

முதலில் நாலாம் மாடி பேங்க்காரர் எழுந்தார். "தலைவர் அவர்களே" என்றார். நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். "நான் பாத்தப்பவே நிறையக் கட்டைவிரல் இருந்துச்சுங்க. நம்ம மட்டும் போடலைன்னா நல்லா இருக்காதேன்னு போட்டேன். மத்தபடி எனக்கு ஒண்ணும் இல்லீங்க." உட்கார்ந்துவிட்டார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் எழுந்து, "தலைவர் அவர்களே, அவர் சொன்னதுதான்" என்றார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் எழுந்தார். "தலைவர் அவர்களே, பரீட்சைப் பேப்பர் திருத்திட்டிருந்தேன். கண்ணாடியும் போடல. தண்ணித் தொட்டி விஷயமாத்தான் இருக்கும்னு நினைச்சு விரலப் போட்டுட்டேன். ஸாரி விஜி. ஸாரி, தலைவர் அவர்களே."

கடைசியாகச் சம்பத். எழுந்து நின்றார். நான் சண்டைக்குத் தயாரானேன்.

"தலைவர் அவர்களே" என்றார். குரல் இறங்கியிருந்தது. "எங்க அப்பா தெனம் பதினோரு மணிக்குப் பெருமாள் சேவிக்கப் போகணும். வீல்சேர்லதான் போறார். அந்த நேரத்துக்குத்தான் உங்க சாப்பாட்ட எடுக்க வர்ற பைக்கெல்லாம் வாசல்ல நிக்கறது. லிஃப்ட்லயும் கேரியர். அன்னிக்கு அப்பாவ ரோட்டு ஓரத்துல வெயில்ல உக்கார வெச்சுட்டு நான் பைக்க நகத்தினேன். எனக்கு மனசு கேக்கல. அன்னிக்கு வந்த கோவத்துலதான் மெசேஜ் போட்டேன்."

எனக்கு அதற்குமேல் சண்டை போட ஒன்றும் கிடைக்கவில்லை.

"ஐயோ, அது எனக்குத் தெரியவே தெரியாதுங்க சார்" என்றாள் விஜி. "கதவத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொல்லியிருக்கலாம்" என்றார் சம்பத்.

விஜி நிமிர்ந்து உட்கார்ந்தாள். லோடுமேனுக்கு வந்த அதே களை அவள் முகத்திலும் வந்தது. "இனிமே வண்டி எதுவும் வாசல்ல நிக்காது. பின்பக்கச் சந்துல நிக்கட்டும். கேரியர் ஒண்ணுகூட லிஃப்ட்ல வராது. எல்லாத்தையும் படி வழியா இறக்கிக் குடுத்துடறோம்."

'டறோம்' என்று சொல்லும்போது என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து இன்றுவரை தினமும் படி வழியாக இறக்கிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அடுப்பு தொடரலாம் என்று ஸ்டெல்லா டீச்சர் முன்மொழிந்தார். "அடியேன் வழிமொழியறேன்" என்றார் சம்பத். கைகள் உயர்ந்தன. விஜி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"தலைவர் உக்காரணும்" என்று ஒரு குரல் கேட்டது. கூட்டம் சார் எழுந்து நின்றார். "தலைவர் அவர்களே, எனக்கு ஆட்சேபணை இருக்கு."

அடப்பாவி மனுஷா, கரை சேர்த்துவிட்டுக் கவிழ்க்கிறாரே!

"நான் நேர் மேல் வீடு. எனக்குச் சர்க்கரை. காலைல ரெண்டு இட்லி, அப்புறம் ஒரு மணி வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு டாக்டர் உத்தரவு. பத்து மணிக்கு வத்தக்குழம்பு தாளிக்கிற வாசனை மேல வருது. பேப்பரப் பிரிச்சா பசிக்குது. ஜன்னலச் சாத்தினா பசிக்குது. இந்தக் கட்டடத்துலயே இந்த அடுப்பால உண்மையா பாதிக்கப்பட்டவன் நான் ஒருத்தன்தான்."

"அப்ப எதுத்து ஓட்டுப் போடறீங்களா சார்?" என்றாள் விஜி, பயந்துகொண்டே.

"தீர்மானம்தான் நிறைவேறிடுச்சே. கூட்டம் போட்ட முடிவுக்கு நானும் கட்டுப்பட்டவன். ஆட்சேபணையப் பதிவு பண்ணிக்கங்க, அது போதும்."

"பதிவு பண்ணியாச்சுங்க" என்றாள் விஜி, சிரிப்பும் அழுகையுமாக. அன்று மதியம் ஒரு கிண்ணம் குழம்பை மேலே கொடுத்தனுப்பினாள். தலைவர் கையால் லஞ்சம் வாங்கமாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பார்க்காதபோது பத்மா அம்மா வந்து வாங்கிக்கொண்டு போனார்.

வாயைத் திறந்து அவர் இதை முன்பே சொல்லியிருந்தால், அந்தக் கட்டைவிரல் வரிசையில் ஒன்று கூடியிருக்கும். சொல்லவில்லை. எங்களுக்காகக் கூட்டத்தைக் கூட்டிவிட்டு, தீர்மானம் நிறைவேறிய பிறகு எழுந்து நின்றார். இப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. அவர் எழுந்து "கூட்டம்னா என்ன?" என்றால், அன்று முதல் நான் நெளியாமல் உட்கார்ந்து கேட்டேன்.

போன வருடக் கடைசியில் அவருக்கு முழங்கால் ஆபரேஷன். பெங்களூரிலிருந்து மகள் வந்து இரண்டு பேரையும் அழைத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நாளில் வந்துவிடுவார்கள் என்றார்கள். பிறகு, இந்த வெயில் முடியட்டும் என்றார்கள். அப்புறம், அங்கேயே இருந்துவிடச் சொல்லி மகள் வற்புறுத்துகிறாள் என்று பத்மா அம்மா போனில் சொன்னார்.

அவர் போனதிலிருந்து கீழே கூட்டமே நடக்கவில்லை; அந்தப் போன் வந்ததற்கு அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமையும் யாரும் அறிவிப்பு ஒட்டவில்லை. ஆனாலும் காலையில் கதவு கதவாகத் திறந்துகொண்டு எல்லோரும் இறங்கி வந்தார்கள். விஜி அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு முதல் ஆளாக வந்து நாற்காலி போட்டாள். சம்பத்தின் அப்பாவை வீல்சேரில் கொண்டுவந்து நடுவில் வைத்தார்கள். மோட்டார் ஓடுகிறது, தொட்டி சுத்தமாக இருக்கிறது, பேச ஒன்றும் இல்லை. யாரும் ஆரம்பிக்கவும் இல்லை.

"யாராவது சொல்லுங்கோ. சொல்லாம எப்படி ஆரம்பிக்கிறது?" என்று சம்பத் என்னைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். "கூட்டம்னா என்ன?" என்றேன். கூட்டு வந்தது, கூட்டல் வந்தது. துடைப்பத்தை நான் மறந்தபோது பேங்க்காரர் எடுத்துக் கொடுத்தார். சபையிடம் வந்தபோது சம்பத் தன் குறுக்குக் கேள்வியைக் கேட்டார், அதற்கு அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். மாநாட்டுக்கு ஸ்டெல்லா டீச்சர் கையை விரித்தார். முழுக் கால் மணி நேரம்! பிறகு, கூட்டம் சார் திரும்பி வர வேண்டும் என்று தீர்மானம் போடலாம் என்றாள் விஜி.

"முடியாதே" என்றார் டீச்சர். "யாரைப் பத்திப் பேச்சோ அவர்தானே தலைமை? தலைவர் இல்லாம எப்படிப் பேசறது?"

கூட்டத்தை ஒத்திவைத்தோம். அன்று மாலை அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"கோரம் இருந்துச்சா?" என்றார்.

"எல்லாரும் வந்தாங்க சார்."

"எல்லாருமா?"

"சம்பத் சாரோட அப்பாகூட."

மறுமுனையில் ஜன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "இங்க பெரிய பெரிய கட்டடம் சார். எல்லாம் போன்லயே முடிஞ்சுடுது. யாரும் கீழ இறங்கறதில்ல" என்றார். "விஜி அம்மாகிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. அன்னிக்குப் பதிவு பண்ணேன் பாருங்க ஆட்சேபணை, அதை வாபஸ் வாங்கிக்கிறேன். இங்க எனக்குப் பத்து மணிக்குப் பசியே எடுக்க மாட்டேங்குது."

"அதெல்லாம் போன்ல வாபஸ் வாங்க முடியாது சார். நேர்ல வந்து, தலைவர் அவர்களேன்னு சொல்லி, எழுந்து நின்னு வாங்கணும்" என்றேன்.

"ஆமால்ல" என்றார் கூட்டம் சார். பிறகு அந்தப் பக்கம் திரும்பி, "பத்மா, டிக்கெட் போடச் சொல்லு" என்று சொன்னது எனக்குக் கேட்டது.